நுரைக்குள் ரோல்கால்

பொற்கொடிக்கு வாயே கிடையாது என்பார்கள் மத்திகிரியில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்கள். பதினோரு வருஷமாக ஓசூர் போலீஸ் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் மைக் டூட்டி பார்க்கிறவளுக்கு வீட்டில் பேச என்ன மிச்சமிருக்கும்? விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கணவன் அசோக்குமார் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றால், அந்தப் பழக்கத்தில் வாய் தவறி "ரோஜர்" என்பாள்.

ரோந்து போகிற ஆட்களையெல்லாம் மூச்சை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவாள். வயர்லெஸ்ஸில் 'ஈகிள் ஏழு' என்று கூப்பிடப்படும் ஏட்டு சென்னப்பன், பேசுமுன் மூக்கால் ஒரு தரம் உறிஞ்சிக்கொள்வார். "நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள என் பேரை எழுதிடற, சூனியக்காரி" என்று கேலி பேசுவார்.

மார்கழிக் காலை, ஏழு மணி ரோல்கால்; ரோந்துக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆஜர் கேட்கும் நேரம். ஜன்னலுக்கு வெளியே பனியில் எதிர்க்கட்டடமே தெரியவில்லை.

"ஈகிள் ஏழு, கன்ட்ரோல்."

'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல்தான் வந்தது. எவர் கையிலிருக்கும் வாக்கி டாக்கி செட்டிலோ பேசும் பொத்தான் அமுங்கிக் கிடக்கிறது. அமுங்கிக் கிடக்கும் செட் பேசும், எதையும் கேட்காது. மற்றவர்களும் அந்தச் சேனலில் பேச முடியாது. மைக்கைக் கொக்கியில் மாட்டினாள். இரைச்சலுக்கு அடியில் ஒரு மூச்சு. மூக்கால் உறிஞ்சும் மூச்சு.

உடனே எஸ்.ஐ. ராஜசேகருக்குச் செல்லில் சொன்னாள். சென்னப்பன் ஆறு மணிக்கே பைக்கில் பார்டர் செக்போஸ்டுக்குக் கிளம்பியவர், போய்ச் சேரவில்லை. விபத்தாக இருக்கும் என்று ஹைவேயில் தேடப் போனார்கள்.

இங்கே மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே போனது. பொற்கொடி ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். "தூங்கிராதீங்க ஏட்டய்யா. இன்னும் ரோல்கால் முடியல. தூங்கிராதீங்க."

அந்த இரைச்சல் ரேடியோ இரைச்சலாக இல்லை. பொரிந்து பொரிந்து அடங்கியது. சோப்புத் தூளில் துணி ஊறும் வாளி இப்படித்தான் சத்தம் போடும். போன வருஷம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே, ஆற்றின் தரைப்பாலத்தை ஆலைக் கழிவில் பொங்கிய ஆளுயர நுரை மூடியபோது அவளும் பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறாள். அதே சத்தம்.

"சார், ஹைவேயை விடுங்க. தரைப்பாலத்துக்குப் போங்க. நுரைக்குள்ள கெடக்காரு!"

அங்கே மேலே பனி, கீழே நுரை. எல்லாம் ஒரே வெள்ளை. ராஜசேகரும் இரண்டு காவலர்களும் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே இறங்கினார்கள். அந்தக் குரல்கள் சென்னப்பன் செட் வழியாக ஸ்பீக்கரில் கேட்டன, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

அவள் செல்லில் வழி சொன்னாள். "உங்க சத்தம் கொறையுது சார், திரும்புங்க. இன்னும் எடப்பக்கம். ஆங், கிட்ட வந்துட்டீங்க."

சட்டென்று இரைச்சல் அறுந்தது. மூச்சும் இல்லை. செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கும்பிடாத சாமியில்லை.

"உசுரு இருக்கும்மா" என்றார் ராஜசேகர். மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, ஓவென்று அழுதாள்.

மூன்றாம் நாள் சென்னப்பனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனாள். நுரையை வேடிக்கை பார்க்க யாரும் இறங்கிவிடாமல் தடுப்பு வைக்கப் போய், பைக் சறுக்கிக் கரைக் கல்லில் மோதி விழுந்தாராம். காலில் மாவுக்கட்டு. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"கண்ணு சொக்கிட்டே போச்சும்மா. நீதான் செட்டுல விடாம பேசிட்டே இருந்தியே. இன்னும் ரோல்கால் முடியலன்னு அதட்டுனா, மனுசன் எப்படித் தூங்கறது?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அன்று அவள் பேசியது வெறும் ஸ்பீக்கரிடம்; மைக் கொக்கியில்தான் தொங்கியது.