சுவக்கீன் மாமா திறந்த கதவு

சுவக்கீன் மாமாவை இளகிய மனசுக்காரர் என்று எழுதுவதா, பிடிவாதக்காரர் என்று எழுதுவதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்தவர். தாய் மலைக்காய்ச்சலில் போன பிறகு தம்பி மிக்கேலுக்குச் சோறு பொங்கிப் போட்டு வளர்த்தவர். அந்த மிக்கேல், எங்கள் கத்தோலிக்கக் கோவிலை விட்டு, மிஷன் சபைப் பெண் ஞானஜோதியைக் கட்டிக்கொண்டு அவர்களுடைய ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினான். அன்றே மாமா தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்தில் தன் வீட்டுக் கதவை அவனுக்கு அடைத்துவிட்டார்.

நான் பி.ஏ. முடித்து, தேவிகுளத்து ஆபீசுகளில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயம். செபஸ்தியார் திருநாளுக்கு நான் கல்லூரியில் படித்த ஓர் ஆங்கில நாடகத்தைத் தமிழில் எழுதினேன். ஒரு கோட்டைக் காவல்காரன். ராஜதுரோகி என்று துரத்தப்பட்ட அவன் தம்பி பனியில் வந்து கதவைத் தட்டுகிறான். "எனக்குத் தம்பி இல்லை" என்கிறான் காவல்காரன். தம்பி வாசலிலேயே விறைத்துச் சாகிறான். கதவு சட்டத்தைக் குறிக்கும், காவல்காரன் கழுத்தில் தொங்கும் சாவி மனச்சாட்சியைக் குறிக்கும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். காவல்காரன் வேஷத்தை மாமாவுக்குக் கொடுத்தேன். அவர் குரல் கணீரென்று இருக்கும். மிக்கேல் நினைவு எனக்கு வரவேயில்லை. அது பனிநாட்டுக் கதை என்றே பழகியிருந்தேன்.

ஒத்திகையில் எல்லா வசனமும் சொன்னார். "எனக்குத் தம்பி இல்லை" என்ற அந்த ஒரு வரியில் வாய் நின்றது.

"இத நான் சொல்ல மாட்டேன், மாப்ளே."

"நீங்களா மாமா சொல்லுதிய? காவக்காரன்லா சொல்லுதான்."

"வாயி என்னோடதுலா."

எங்கள் லயங்களில் திருநாள் நாடகத்தில் ஏறுகிறவன் விரதமிருந்து, செபஸ்தியார் சுரூபத்தின் பாதம் தொட்டுத்தான் வேஷம் கட்டுவான். அந்த வேஷத்தில் சொன்னது சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது. அதனால் சாபமும் பழியும் வருகிற இடங்களைப் பின்பாட்டுக்காரர்கள் கூடிப் பாடிவிடுவார்கள். ஒருவன் தலையில் விழாது. நான் எழுதியதோ வசன நாடகம். பின்பாட்டே இல்லை.

அவர் மனைவி கத்தரீனாள் அத்தை சிரித்தாள். "ரெண்டு வருசமா வாசல்ல அண்டவிடல. இப்ப சொல்லுததுக்கு மட்டும் நோவுதாக்கும்."

"அண்டவிடாம இருக்கது வேற. இல்லைங்கது வேற. நீ சும்மா கெட."

திருநாளன்று பகல்பூசை முடிந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நாடகம். தேயிலைப் பெட்டிப் பலகையில் கோட்டைக் கதவு. கூட்டத்தின் கடைசியில் மிக்கேலும் ஞானஜோதியும் நின்றார்கள். அவர்களை நான் பிறகுதான் பார்த்தேன். தம்பி வேஷம் கட்டிய இன்னாசிராஜ் கதவைத் தட்டினான். மாமா சாவியைப் பிடித்தபடி நின்றார். மறுபடி தட்டினான். பக்கவாட்டிலிருந்து நான் வரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

சாக வேண்டிய இன்னாசிராஜ் உள்ளே வந்து, "இப்ப என்ன செய்யணும்?" என்று மெதுவாகக் கேட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள். நாடகம் கெட்டதா, நல்லதாயிற்றா? பொல்லாத சந்தோஷம் ஒன்று எனக்குள்ளும் இருந்தது.

மறுநாள் காலை, லயத்துக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி. நாடகச் சாவியைத் திரும்ப வாங்க நான் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மிக்கேல் தகரப்பெட்டியோடும் ஞானஜோதியோடும் வந்து நின்றான்.

"எங்க வந்த?" என்றார் மாமா.

"நேத்து நீதான திறந்த."

"அது காவக்காரன் திறந்தது. நான் வேண்டாத சொல்லத் தவிர்த்தேன். உன்னக் கூப்பிடல."

"செபஸ்தியாரு முன்னால திறந்ததுலா அண்ணே."

"சொல்லு ஒட்டும், செய்கை ஒட்டாதோ?" என்றாள் அத்தை உள்ளிருந்து.

மாமா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "படிச்சவன் நீ சொல்லு. திறந்தது ஆரு?"

காவல்காரன் என்றால் மிக்கேல் திரும்பிப் போக வேண்டும். மாமா என்றால் ஒத்திகையில் நான் சொன்னது பொய். இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியல மாமா," என்றேன்.

அவர் நிலைப்படியைவிட்டு ஓரமாக விலகினார். "வாடக்காத்து அடிக்கி. கதவ அடைக்கணும். வாரவுக வாங்க."

ஞானஜோதி குனிந்து நுழைந்தாள், பின்னால் மிக்கேல். கதவு சாத்தப்பட்டது. சாவியை வாங்காமல் நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே, மாமா அந்தப் பெண்ணிடம் முதன்முதலாகப் பேசுவது கேட்டது.

"பெட்டிய அடுப்புப் பக்கம் வைக்காத, பிள்ள."