குறை சொல்லி வீடு காட்டுகிறவர்

வீடு பிடித்துக் கொடுக்கும் அந்தத் தரகருக்கு 'உள்ளபடி' என்று பெயர் நிலைத்துவிட்டது. வாயைத் திறந்தால் "உள்ளபடி சொல்லணும்னா" என்றுதான் ஆரம்பிப்பார். மற்ற தரகர்கள் வாசலிலேயே வீட்டைப் புகழத் தொடங்குவார்கள். இவர் பூட்டைத் திறந்ததும் குறையைச் சொல்வார்.

"உள்ளபடி சொல்லணும்னா, சமையலறைக் குழாய்ல தண்ணி மெதுவாத்தான் வரும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க சார், வேற பாக்கலாம்."

பார்க்க வந்தவர்களின் முகத்தில் இருந்த இறுக்கம் அங்கேயே தளரும். தரகரே குறை சொல்கிறார் என்றால் மற்றதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். அந்தக் குறையையும் அவர் சும்மா எடுத்துவிடுவதில்லை. கேட்கும்போது கொஞ்சம் உறுத்த வேண்டும். குடியிருக்கும்போது பழகிவிட வேண்டும். கூரை ஒழுகுவதைப் பற்றி அவர் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை.

பிறகு கூடத்தின் நடுவில் நின்று, யாரையும் பார்க்காமல் கேட்பார்: "பீரோவ எந்தச் சுவர்ல வைப்பீங்க?"

கணவன் ஒரு சுவரைக் காட்டுவான். மனைவி, "அங்க வச்சா கதவு இடிக்கும்" என்பாள். இருவரும் மல்லுக்கு நிற்கத் தொடங்கியதும் இவர் பால்கனிப் பக்கம் ஒதுங்கிவிடுவார். பீரோவுக்கு இடம் தேடுகிறவர்கள் வீட்டை எடுக்காமல் போனதில்லை.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மழை தொடங்கிய வாரத்தில் படியில் சறுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தவரைக் கீழ்வீட்டுக்காரர் தற்செயலாகப் பார்த்துத் தூக்கினார். அடுத்த தடவை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு மகனைத் தூங்கவிடவில்லை. நேரடியாகக் கூப்பிட்டால் நடக்காது. "கூப்பிட்டதும் பெட்டியத் தூக்கிட்டு வர நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று முன்பே வாயை அடைத்தவர் அவர்.

அதனால் மகன், தான் குடியிருக்கும் தரைத்தள வீட்டின் பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டு, சும்மா பார்த்துப் போகச் சொல்லி அழைத்து வந்தார்.

"உள்ளபடி சொல்லணும்னா, இங்க வெளிச்சம் கொஞ்சம் கம்மிப்பா. பக்கத்துப் பட்டறைச் சத்தமும் கேக்கும்."

அப்பா தலையாட்டினார். மகன் வழக்கம்போல அறையின் நடுவில் நின்று, "கட்டில் போடறதுன்னா எந்தப் பக்கம் போடலாம்?" என்றார்.

"எதுக்குடா போடணும்? வெளிச்சம் இல்ல, சத்தம்னு நீயே சொல்ற. பழைய சாமானப் போட்டு வை."

"அப்படி ஒண்ணும் பெரிய சத்தம் இல்லப்பா."

"வீடு காட்டறவன் நீ. உனக்குத் தெரியாததா?"

அப்போதுதான் மகனுக்கு உறைத்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் சந்தேகத்தோடு வருகிறார்கள். குறை அதைக் கரைக்கிறது. அப்பாவிடம் கரைக்க எதுவும் இல்லை. மகன் வெளிச்சம் இல்லை என்றால் அவருக்கு வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டத் தொடங்கினார். மகன் பின்னாலேயே வந்தார்.

"படில விழுந்தீங்கல்ல... அதுலேர்ந்து போன் அடிச்சாலே உங்களுக்குத்தான் என்னவோன்னு தோணுதுப்பா. எனக்குப் பயமா இருக்கு. இங்கயே வந்துடுங்க."

அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"அப்ப அந்தப் பழைய சாமான் நான்தானா?"

"ஐயோ, அப்பா!"

"சத்தம் நிஜமா?"

"நிஜந்தான். சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பான்."

"காலமெல்லாம் எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன், எனக்கு அது ஒரு சத்தமா? ஜன்னலுக்கு வெளிய தகரம் ஒண்ணு அடிச்சிருக்கியே, அத எடுத்தா வெளிச்சம் வருமே."

"நாளைக்கே எடுத்துடறேன்."

"மழை நிக்கிற வரைக்கும்தான்டா இருப்பேன்."

இப்படி இழுக்கிறவர்களிடம் உடனே ஏதாவது சொல்லி முடித்துவைப்பது மகனின் தொழில் வழக்கம். இப்போது அப்பாவிடம் மாடி வீட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, மாற்றுத்துணியும் மாத்திரைப் பெட்டியும் எடுத்துவரக் கிளம்பினார்.