யமாண்டு இன்னும் நன்றி சொல்லவில்லை

மடிக்கணினியை மூடுகிறார், ஒரு மூச்சு விடுகிறார், திறக்கிறார். திரை சுத்தம். மறுபடியும் மூடுகிறார். மொண்டெவிடேயோவில் யமாண்டு பென்டான்கோரின் வீட்டுக் கதவுகூட இத்தனை முறை திறந்து மூடியிருக்காது. கணினியின் கீல் தளர்ந்து, இப்போது ரப்பர் பேண்டின் தயவில் வாழ்கிறது.

பகலில் குளிர்பெட்டி விற்கிறார். மாலையில் சம்பளமில்லாத வேலை: திரையில் படம் காட்டும் ஒரு பழைய கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளைப் பராமரிப்பது. உலகத்தில் அந்தச் சிப்புக்காகக் கவலைப்படும் ஜீவன் அநேகமாக இவர் ஒருவர்தான். மூடித் திறந்தால், தூங்கி எழுந்த கணினியின் திரையில் பச்சைக் கோடுகள் விழுகின்றன. இந்த வாரம் சரியாகாவிட்டால் டிரைவரையே நீக்கிவிடுவோம் என்று மென்பொருள் திட்டத்தில் மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். நீக்கினால் அதே சிப் உள்ள இந்தக் கணினி குப்பை. இது தெருமுனை கிளப்பின் சொத்து; கார்னிவலில் கேலிப்பாட்டுப் பாடும் முர்கா குழுவுக்கு வரிகளைக் காட்டுவது இதுதான். பயிற்சி இல்லாத நாட்களில் இவர் வீட்டில் இருக்கும். வீட்டில் கோடு வருவதே இல்லை. கிளப்பில் தவறுவதே இல்லை.

"உன் முன்னாடி நல்ல புள்ள, இங்க வந்தா சேட்டை. எம் புருஷனேதான்யா இது," என்றாள் கிளப்பில் பெருமுரசு அடிக்கும் மிர்தா.

"சிரிக்காத தாயி. நீங்க இத என்னதான் பண்றீங்க?"

"என்னத்தப் பண்றோம்? மூடி வெச்சுட்டு மாத்தே டீ குடிப்போம். குடுவை எல்லார் கையிலயும் ஒரு சுத்து வந்ததும் தொறப்போம்."

யமாண்டு நெற்றியில் அறைந்துகொண்டார். வீட்டில் அவர் கொடுத்ததெல்லாம் கோழித்தூக்கம். சிப்பின் நினைவு அழிவதற்குள் எழுப்பிவிடுகிறார். ஒரு சுற்று மாத்தேக்குள் அது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. டிரைவரோ எதையும் திரும்பச் சொல்லித் தராமல் நேரே திரையைப் போட்டுவிடுகிறது. முரசுகளுக்கு நடுவே உட்கார்ந்து டிரைவரில் சில வரிகள் சேர்த்தார்: முதலில் நினைவூட்டு, அப்புறம் திரையைப் போடு.

மூடினார். குடுவை கிளம்பியது; எல்லோரும் ஒரே குழலில் உறிஞ்சும் கசப்பு. திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், 'எனக்குப் போதும், இனி வேண்டாம்' என்று அர்த்தம். பிழை உயிரோடு இருக்கும்வரை யமாண்டு நன்றி சொல்வதில்லை. வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

குடுவை அவரிடம் வந்து சேர்ந்தது. ஒரு கையால் கணினியின் மூடியைத் திறந்தார். பாட்டு வரிகள் பளிச்சென்று நின்றன. ஒரு கோடுகூட இல்லை.

"இப்பவாச்சும் சொல்லித் தொலைய்யா!" மிர்தா முரசில் ஒரு போடு போட்டாள். பாடகர்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

யமாண்டு கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். குடுவையை அவளிடம் நீட்டினார். இன்னொரு சுற்று பார்க்காமல் நன்றி கிடையாது. இன்னொரு கை, தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல, மூடியைச் சாத்திக்கொண்டிருந்தது.