மகேந்திரன் ஓட்டிய நோடு

தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவன் மகேந்திரன். எந்தப் புடவையானாலும் மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் முன்னால் விரிப்பான். அப்படிப்பட்டவன், பிட்காயின் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு செல்போன் ஆப்பை நம்பிப் பணம் போட்டான். தான் போட்டதோடு விடாமல், ஹனூரில் இருக்கும் அக்கா பசம்மாவையும் மஞ்சள் விற்ற பணத்தைப் போட வைத்தான்.

அவனை அந்த ஆப்பில் சேர்த்துவிட்ட அருண்ராஜ் பளபளவென்று ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தான். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு முகவரி. "உங்க பிட்காயினும் அக்காவோட பிட்காயினும் இந்த முகவரியிலதான் இருக்குதுண்ணா. யாரும் தொட முடியாது" என்றான். ஆப்பைத் திறந்தால் தொகை ஏறிக்கொண்டேயிருந்தது. எடுக்கப் போனால்தான் 'சரிபார்ப்பில் உள்ளது' என்று வந்தது. ஒரு வருஷமாக அதே வரிதான்.

போன ஜனவரியில் பக்கத்துச் சந்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும், யாரையும் கன்னடப் பழக்கத்தில் 'குரு' என்றே கூப்பிடும் சீனுவிடம் சான்றிதழைக் காட்டினான். சீனு ஒரு வெப்சைட்டில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"குரு, இதுல ஏனும் இல்ல. பூஜ்யம். எப்பவுமே ஒண்ணும் வந்ததில்ல."

மகேந்திரன் அங்கேயே நின்றபடி அருண்ராஜுக்குப் போன் போட்டான். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்டது. "அந்த சைட்டை யாரோ நடத்தறாங்கண்ணா. அவங்க எழுதினது உங்களுக்கு வேதவாக்கா? சந்தேகம்னா நீங்களே ஒரு ஃபுல் நோடு ஓட்டிப் பாருங்க." அதற்குப் பிறகு அவன் போனையே எடுக்கவில்லை.

ஃபுல் நோடு என்றால் என்னவென்று சீனுதான் விளக்கினான். பிட்காயின் பிறந்த 2009 முதல் இன்றுவரை உலகத்தில் நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் நம் கருவியே இறக்கி, ஒவ்வொன்றையும் தானே சோதித்துப் பார்க்கும். யார் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை.

"அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும் குரு. உன்கிட்ட சும்மா கிடக்கிறது ஒரு பழைய போன்தான். சோதிச்சு முடிச்சதை அப்பப்ப அழிச்சுட்டே போனா இடம் பத்தும். ஆனா மாசக்கணக்குல ஆகும். எதுக்கு? நான்தான் பார்த்துச் சொல்லிட்டனே."

"நீ பார்த்தது வேற யாரோ காட்டினது. நான் பார்க்கோணும்" என்றான் மகேந்திரன்.

அந்த முகவரிக்கு என்றைக்காவது ஒரு துளி வந்திருந்தாலும் போகிற போக்கில் பிடித்துக்கொள்ளும்படி சீனு அமைத்துக் கொடுத்தான். வீட்டில் இணைய இணைப்பு வாங்கி, அடுப்படிக் கல்மேடையின் மூலையில் அந்தப் பழைய போனை வைத்தான் மகேந்திரன். கருப்புத் திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி. முதல் மூன்று வருஷம் ஒரே நாளில் ஓடிவிட்டது. பார்த்தாயா என்பதுபோல் மனைவி சுசித்ராவைப் பார்த்தான். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு மாதம்தான் நகர்ந்தது. பின்கவர் தோசைக்கல்லாய்ச் சுட்டது. வீட்டிலிருந்த ஒரே மேஜை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தான்.

மழலையர் பள்ளியில் ஆயா வேலை முடிந்து வியர்க்க விறுவிறுக்க வந்த சுசித்ரா, "எனக்குக் காத்து வேண்டாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

மார்ச்சில், திரையில் 2018 ஓடிக்கொண்டிருந்தபோது, சூடு தாங்காமல் போன் தானாக அணைந்தது. திரும்பப் போட்டால் சேர்த்துவைத்ததெல்லாம் சிதைந்திருந்தது. சீனு உதட்டைப் பிதுக்கினான். மறுபடி 2009-லிருந்துதான். சொன்னால் யாருக்கும் புரியாது, மகேந்திரனுக்கு அன்றைக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. ஓடி முடியாத வரைக்கும் பணம் போய்விட்டதென்று ஆகாதே.

பசம்மா வாராவாரம் போன் செய்வாள். "என்னாச்சு கண்ணு?"

"ஓடிட்டிருக்குதுங்கக்கா. முடிஞ்சதும் சொல்றேனுங்க." சீனு பார்த்துச் சொன்னதைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை.

ஜூன் கடைசியில் நோடு, அவர்கள் பணம் போட்ட மாதத்தைத் தொட்டது. கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மேடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்த மாதம் ஓடிப் போனது. முகவரிக்கு ஒன்றும் வரவில்லை. தாமதமாகப் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த மாதமும் போயிற்று. அடுத்த வருஷமும் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை திரையில் ஓடிய தேதி அன்றைய தேதியாகவே ஆனது. அதற்குமேல் ஓட எதுவும் இல்லை. முகவரிக்கு நேரே பூஜ்யம்.

ஜனவரியில் சீனு ஒரு நிமிஷத்தில் சொன்ன அதே பூஜ்யம்.

மறுநாள் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, ஹனூர் போனான். பசம்மா முகம் மலர வந்து, "வா கண்ணு, முடிஞ்சுதா?" என்றாள்.

"அக்கா, அதுல ஒண்ணுமே இல்லீங்க. எப்பவுமே இருந்ததில்லீங்க."

பசம்மா தன் போனை எடுத்து ஆப்பைத் திறந்து காட்டினாள். "இதுல ஏறிட்டுத்தானே இருக்குது?"

"அது அவங்க சும்மா எழுதற எண்ணுங்கக்கா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம தெருக் கமலம்மாளும் போட்டாளேப்பா. முட்டி ஆபரேஷனுக்கு வெச்சிருந்ததை. போன மாசந்தான். என்ற தம்பி செக் பண்ணிட்டிருக்கான், அவன் சும்மா பண்ணுவானான்னு நாந்தான் சொன்னேன்."

"வாங்கக்கா, அவங்ககிட்டயும் சொல்லிடலாமுங்க" என்று மகேந்திரன் செருப்பை மாட்டினான்.

இரண்டு பேரும் நாலு வீடு தள்ளியிருந்த கமலம்மாள் வீட்டுக்குப் போனார்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். பசம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தை மாசமே ஒருத்தன் பார்த்துச் சொன்னானுங்க. நான் நம்பலீங்க" என்றான்.

கமலம்மாள் முழங்கால்மேல் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பசம்மா, "நீ போப்பா" என்றாள். பஸ் ஏற்றிவிட எப்போதும் கூட வருகிறவள் அன்றைக்கு வரவில்லை.

சைபர் போலீஸில் மூன்று பேரும் புகார் கொடுத்தார்கள். மனு வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு கிடைத்தது. அருண்ராஜின் எண் உபயோகத்தில் இல்லை. பசம்மா இப்போது சுசித்ராவிடம் மட்டும் பேசுகிறாள், அதுவும் மகேந்திரன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து.