மாமாவுக்கும் எனக்கும் நடுவில் விழுந்த பந்து

நாற்பத்தாறு வயதில் பேஸ்பால் ஆடக் கற்றுக்கொண்டவன் நான். மலேசியாவில், அதுவும் கிள்ளானில் இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு "பேட்மிண்டன் ஆடலாமே" என்பார்கள். அதையும் ஆடிப் பார்த்தாயிற்று. முட்டி போய்விட்டது. பேஸ்பாலில் முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அந்த ஒரு சிறப்புக்காகத்தான் சேர்ந்தேன்.

எங்கள் அணி ஞாயிறு காலையில் ஷா ஆலம் பக்கம் ஒரு பாடாங் திடலில் கூடும். கேப்டன் பிரிக்ஃபீல்ட்ஸ்காரப் பெண். பள்ளி ஆசிரியை, முப்பது வயதுகூட இருக்காது. படிக்கிற காலத்தில் சாஃப்ட்பாலில் பேர் வாங்கியவளாம். முதல் நாளே என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். "அண்ணே"யே போதும் என்று இரண்டு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க அங்கிள்" என்றாள்.

மாமா அணியில் சேர்ந்தது அக்காவின் உத்தரவால். மாமா என்றால் அக்காவின் கணவர். போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கண்டெய்னர்களோடு மாரடித்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டார். அன்றைக்கு சோபாவில் உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை. சவரம் செய்வதையும் நிறுத்திவிட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டுமாவது இவர எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா. நான் வீட்ட கூட்டணும், காலத் தூக்க மாட்றாரு" என்று அக்கா போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள், முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

கூட்டிக்கொண்டு போனேன். மாமாவுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிறு ஆறு மணிக்கே முகம் மழித்து, தொப்பி போட்டு, கேட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் பேச்சுக்குரல் கேட்கிறது என்று அக்கா சொன்னாள். அதனால் அந்த ஒரு நாளைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

எங்கள் இருவரையும் அதிகம் சேதம் விளைவிக்க முடியாத தூரத்தில் கேப்டன் நிறுத்தினாள். மைதானத்தின் கடைக்கோடியில் நடுவில் மாமா, பக்கத்தில் நான். தரையில் உருண்டு வருகிற பந்தை மாமா என்னைவிட நன்றாகவே மடக்கினார். சிக்கல் உயரத்தில் வருகிற பந்தில்தான். அது இரண்டு பேருக்கு நடுவில் வந்தால், பிடிக்கப் போகிறவர் "எனக்கு" என்று கத்த வேண்டும், மற்றவர் ஒதுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டையும் மண்டையும் மோதிக்கொள்ளும். மொத்தமே ஒரு வார்த்தை.

அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன். சட்டியில் கடைசி நண்டு இருந்தால் நான் "நீங்க எடுங்க மாமா" என்பேன், அவர் "நீ எடு லா" என்பார், கடைசியில் நண்டு ஃப்ரிட்ஜுக்குப் போகும். அவர் உட்காராமல் நான் உட்கார்ந்ததில்லை. கோபத்தில்கூட ஒருமையில் பேசியதில்லை. இப்படி வளர்ந்த ஒருத்தன், மாமாவின் தலைக்கு மேலே வருகிற ஒன்றைப் பார்த்து "எனக்கு" என்று எப்படிக் கத்துவான்? பந்து மேலே போகும். நான் மாமாவைப் பார்ப்பேன். மாமா என்னைப் பார்ப்பார். பந்து நடுவில் தொப்பென்று விழும். எதிரணிப் பையன்கள் சாவகாசமாக ஓடி முடிப்பார்கள்.

"என்ன அங்கிள், அங்க கல்யாணப் பந்தியா நடக்குது?" என்று கேப்டன் கத்துவாள்.

திருந்த முயன்றேன். இணையத்தில் வீடியோக்கள் பார்த்தேன். பல் எல்லாம் வெளுத்த ஒரு ஆள், கண்ணை மூடி வெற்றியை மனக்கண்ணில் பாருங்கள் என்றான். மூடினேன். அக்கா கரண்டியோடு நின்றாள். ஃபெடரல் ஹைவே நெரிசலில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு "எனக்கு, எனக்கு" என்று கத்திப் பழகினேன். பக்கத்து லோரிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கேப்டனும் தனியாகப் பயிற்சி கொடுத்தாள். இரண்டு பேரை நிற்கவைத்து நடுவில் பந்தை வீசுவாள். எங்கள் அணியில் ஒரு சீனப் பல் டாக்டர் உண்டு. அவர் பக்கத்தில் நின்றபோது நான் கத்திய கத்தலில் மனிதர் வேலி வரைக்கும் போய்விட்டார். மாமாவை நிறுத்தியதும் "மாமா, வந்து, பந்து..." என்றேன், காப்பி கொண்டுவந்து வைத்தவன்போல.

"மரியாதையெல்லாம் பெஞ்ச்ல வச்சிட்டு வாங்க அங்கிள்."

இப்படியே மூன்று மாதம் போனது. பூச்சோங்கில் ஒரு கல்லூரி அணியோடு ஆட்டம். மாமா காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"இன்னிக்கும் நடுவுல விழுந்தா, அடுத்த வாரத்துலேருந்து பெரிய அங்கிள உட்கார வச்சிருவேன். மத்தவங்க கேக்குறாங்க லா. நீங்களே அவர்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

மாமாவை எனக்குத் தெரியும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அவர் பூச்சோங் வரைக்கும் வரமாட்டார். உட்காருவதற்கு அவருக்கு வீட்டிலேயே சோபா இருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பையன்கள் பந்தை எல்லாம் வேறு பக்கம் அடித்து என்னைக் காப்பாற்றினார்கள், கடைசிச் சுற்று வரைக்கும். நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. அவர்களில் இரண்டு பேர் பாதி வழியில் ஓடத் தயாராக நின்றார்கள். அடுத்து வந்த ஒல்லிப் பையன் ஓங்கி ஒரு அடி அடித்தான். பந்து நேராக வானத்துக்குப் போனது, எங்கள் இருவருக்கும் நடுவில்.

மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மாட்டிய கிளவ் இடுப்புக்குக் கீழே தொங்கியது. பந்து இறங்கிக்கொண்டிருந்த இடம் அவர் தலைக்கு அரையடி தள்ளி.

"தள்ளு. எனக்கு. தள்ளுய்யா."

என் குரல்தான் அது. மாமா ஒரே எட்டில் ஒதுங்கினார். நான் ஓடினேன், வழுக்கினேன், மல்லாந்தேன். பந்து கிளவுக்குள் இருந்தது. எல்லோரும் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். பல் டாக்டர் முட்டியை மிதித்தார். கேப்டன் என் தோளில் அறைந்து "அண்ணே" என்றாள். அந்த நேரத்தில் அதைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் "தள்ளுய்யா" என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் நான்தான் காரை ஓட்டினேன். மாமா தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஷா ஆலம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, வாய் தவறி வந்துடுச்சி. மனசுல வச்சிக்காதீங்க."

"எதுக்குடா மன்னிப்பு கேக்குற? நீ கத்துவ, கத்துவன்னு நான் மூணு மாசமா பாத்துகிட்டிருந்தேன்." கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "பந்து மேல போனா எனக்குத் தெரியல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. எங்க விழும்னு உன் மூஞ்சப் பாத்துதான் கண்டுபிடிப்பேன்."

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா அந்தப் பொண்ணு உட்கார வச்சிரும். உங்க அக்கா வீட்ட விட்டே விடமாட்டா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கல் மாதிரி ஒரு பந்து தலைக்கு மேல் வருவது தெரிந்தும், எந்தப் பக்கம் என்று தெரியாமல், மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நின்றிருக்கிறார். பக்கத்தில் கண் தெரிந்த நான் மரியாதை கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமை வேறு.

"நாளைக்கு நான் லீவு போடுறேன். காலைல கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்டா. அப்புறம் பாத்துக்கலாம். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"பேசாம வா."

இந்த முறை வாய் தவறவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டை ஒரு படி பின்னால் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார்.

"எத்தன மணிக்குடா?" என்றார்.