மோர் குடிக்க ஒரு படிவம்

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நன்றாக வரும். மலேசியாவின் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் இத்தனை வருடம் சந்தைப்படுத்துதல் பாடம் நடத்திப் பிழைத்தது அதை வைத்துத்தான். இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. ஆனால் இந்தக் கோபத்துக்குக் கைதட்ட ஆள் கிடையாது.

எங்கள் வணிகத் துறையில் மாதம் ஒருமுறை மூன்று பேராசிரியர்கள் மேடையில் உட்கார்ந்து நாட்டு நடப்பை அலசுவோம். வியாபாரமும் பண்பாடும் முட்டிக்கொள்ளும் செய்தியாக இருக்க வேண்டும். தீபாவளிக்குப் பேரங்காடித் தரையில் வங்கிச் சின்னத்தை நடுவில் வைத்துக் கோலம் போட்டார்களே, அந்த மாதிரி. மாணவர்கள் வருகைப் பதிவுக்காக வருவார்கள், நாங்கள் எங்கள் குரலைக் கேட்பதற்காக வருவோம்.

தைப்பூசத்துக்கு முந்தைய மாதம் தலைப்பை நான்தான் கொடுத்தேன். என் அக்கா புந்தோங்கில் இருபது வருடமாகத் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் போடுகிறாள். பத்து காஜா ஊர்ப் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றபின் சனம் மூலைக்கொன்றாகச் சிதறிவிட்டது. வருடத்தில் ஒருநாள் எல்லாரும் கூடுவது அந்தப் பந்தலில்தான். ஒருவர் தயிர் கொண்டு வருவார், இன்னொருவர் இஞ்சியும் பச்சை மிளகாயும். அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. குடிக்க வருகிறவரிடம் எதையும் கேட்கக் கூடாது. பெயர், ஊர் எதுவும் கூடாது.

"கேட்டுட்டுக் குடுத்தா அது கடைலா" என்பாள்.

அந்தப் பந்தலைத் தாங்களே நடத்த ஒரு பானக் கம்பெனி என்னிடம் கேட்டு வந்திருந்தது. கூடாரம், குவளை, மோர் எல்லாம் அவர்கள் செலவு. குடிப்பவர் கைபேசியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பெயர், எண், வயது கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதானாம்.

மேடையில் விவாதம் ஆங்கிலத்தில் நடந்தது. நிதித் துறைப் பேராசிரியர் யாழ்ப்பாண வம்சாவளி, குரலை உயர்த்தாமல் ஆளைக் கவிழ்ப்பவர். கோயில் நோட்டீசில் உபயதாரர் பெயர் போடுகிறோமே, அது விளம்பரமில்லையா என்று கேட்டார். நிர்வாகவியல் பேராசிரியை என்னைப் போலவே தோட்டத்துப் பிள்ளை. இல்லாதவர்கள் பெருமைக்காக எல்லாச் செலவையும் தாங்களே சுமந்து சாக வேண்டுமா, கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன கேவலம் என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். நான் பதில் சொல்லவில்லை, பொங்கினேன். கடைசியில் மேசையைத் தட்டி, "கேட்டுவிட்டுக் கொடுத்தால் அது கடை" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. யார் சொன்ன வார்த்தை என்று நான் சொல்லவில்லை.

விவாதத்தைக் கேட்க வந்திருந்த கம்பெனி மேலாளர் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தார். இவ்வளவு உணர்ந்து பேசுகிற நீங்களே அந்தப் படிவத்தை அமைத்துக் கொடுத்தால் யார் மனமும் புண்படாது என்றார். ஒரு கறிபாப் தின்று முடிப்பதற்குள் மயங்கிவிட்டேன். எப்படியும் யாரோ செய்யப் போகிறார்கள், அதை நீங்கள் செய்யுங்கள் என்று சக பேராசிரியர்கள் இருவரும் முதுகில் தட்டினார்கள். செய்தேன். மயிலிறகு நிறம், மேலே ஒரு வேல், முதல் வரியில் "வணக்கம்". வெட்கங்கெட்டவன், அதன் அழகை ரசிக்கவும் ரசித்தேன்.

அக்காவிடம் போனேன். "கம்பெனிக்காரங்க கூடாரம் தராங்கக்கா. மோரும் தருவாங்க."

"நம்ம மோர் அண்டா?"

"அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்."

"வேற ஒன்னும் இல்லியே தம்பி?"

"இல்லக்கா."

"நீ படிச்சவன், நீ சொன்னா சரிதான்லா."

படிவத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பொய்.

தைப்பூசத்தன்று பத்து மணிக்கே தார் கொதித்தது. கம்பெனிச் சட்டை போட்ட பிள்ளைகள் முன்மேசையில் நின்றார்கள். அக்காவின் அண்டா பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் இருந்தது. காவடி எடுத்த கணவனுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் அவன் உட்கார முக்காலி, இடுப்பில் குழந்தை. குழந்தை குவளையைப் பார்த்துக் கை நீட்டியது.

"அக்கா, போன்ல இத ஸ்கேன் பண்ணுங்க" என்று அவளிடம் சொன்னாள் மேசையில் நின்ற கம்பெனிப் பெண்.

"போனு தூரத்துல நிறுத்தின காடியில இருக்கும்மா. புள்ளைக்கு மட்டும் ஒரு வாய் குடு."

"சோரிக்கா, நம்பர் போடாம குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"தாப்பாலா, பரவால்ல" என்று குழந்தையின் கையை மெதுவாக மடக்கிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள்.

நாங்கள் மூன்று பேராசிரியர்களும் நாலடி தள்ளித்தான் நின்றோம். படிவம் நீளம் என்றார் ஒருவர். காகிதத்திலும் வைத்திருக்க வேண்டும் என்றார் மற்றவர். அடுத்த வருடம் திருத்தலாம் என்றேன் நான். ஒரு குவளையை எடுத்து நீட்ட வேண்டும் என்று மூன்று மண்டையில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. படித்த படிப்பில் தீயை வைக்க!

அக்கா மூலையிலிருந்து பார்த்திருக்கிறாள். மேசைக்கு வந்தாள். "அந்தப் புள்ளைக்கு ஏன்மா குடுக்கல?"

"இதுல பேரு, நம்பர் போடணும் ஆன்ட்டி."

"யாரு சொன்னா?"

அந்தப் பெண் என்னைக் காட்டினாள். "சார்தான் எல்லாம் செஞ்சு குடுத்தாரு."

அக்கா ஒரு குவளை மோரை மொண்டு எங்கள் பழைய தோட்டத்து ஆள் ஒருவரிடம் கொடுத்து, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஓடச் சொன்னாள். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் போனாள். கூடாரம் இல்லை, மேசை இல்லை. வெயிலில் நின்று மொண்டு மொண்டு கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் சாலையைக் கடந்தேன். வரிசை நீண்டிருந்தது, நின்றேன். என் முறை வந்ததும் அக்கா ஒரு குவளையை நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிங்க சார்."

"அக்கா, நான் வந்து..."

"இங்க ஒன்னும் சொல்ல வேணாம் சார். நாங்க யாரையும் எதுவும் கேக்கறதில்ல."

வாங்கிக் குடித்தேன். எனக்குப் பின்னால் நின்றவரிடமும் அதே குரலில், "குடிங்க சார்" என்றாள்.