லாரி வராத கடைசி அத்தியாயம்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் தேய்ப்பது அவள் வேலை. அதனால் பேரே சாணைக்காரி. தனிக்கட்டை. எதிர் மேசையில் ஃப்ரேம் பூட்டுகிறவள் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். அவளைக் கடையில் திருகு என்பார்கள். கடுகத்தனை திருகாணியைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டிவிடுவாள். இரண்டு பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள்.

இருவருக்கும் ஒரே பைத்தியம்: பெண்ணைப் பெண் காதலிக்கிற நாவல்கள். பழைய புத்தகக் கடையில் ஒன்று அகப்பட்டால் ஒருத்தி முடிக்கும்வரை மற்றவளுக்குப் பொறுமை இருக்காது. திருகு அதன் முதுகில் கத்தியை வைத்து மூன்று துண்டாக்குவாள்; மாற்றி மாற்றிப் படிப்பார்கள். நூறு பக்கம் இழுத்தடித்து ஒருத்தி மற்றவளின் சுண்டுவிரலைத் தொடும் இடம் வந்தால் சாணைக்காரிக்கு உலகமே மறந்துபோகும். அப்படிச் சக்கரத்தில் கையும் புத்தகத்தில் கண்ணுமாக இருந்த ஒருநாள்தான் முதலாளியின் மைத்துனருடைய லென்ஸ் மிளகளவுக்குத் தேய்ந்துபோனது.

எரிச்சலும் உண்டு.

"இவளுங்க யாரும் பாத்திரமே தேய்க்க மாட்டாளுங்களா? எப்பப் பாரு பியானோ!" என்பாள் திருகு.

"பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா பத்தாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிருக்கும்" என்பாள் சாணைக்காரி. அதே வார்த்தையைப் பல வருஷமாகத் தொண்டையில் அடைகாத்து வருகிறவள் பேசுகிற பேச்சு!

எல்லாவற்றிலும் கொடுமை கடைசி அத்தியாயம். ஒருத்தி கட்டாயம் போய்ச் சேருவாள். காய்ச்சல், இல்லையென்றால் லாரி. எழுதுகிறவர்களுக்கு லாரி சல்லிசாகக் கிடைக்கிறது போலும். போன நாவலிலும் லாரி வந்தது. திருகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "இன்னொருத்தி செத்தா இந்த எழவே வேண்டாம். மத்தியானத்துல நிம்மதியாத் தூங்கிக்கறேன்."

சாணைக்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாவல் போனால் அப்புறம் இவளிடம் பேச என்ன மிஞ்சும்? "சாப்டியா, தூங்குனியா" மட்டும்தான்.

அடுத்த நாவல் வந்தது. ஒருத்தி டாக்டர், மற்றவள் பியானோ. சாணைக்காரி கடைசித் துண்டை முந்திக்கொண்டு படித்தாள். வந்தே விட்டது லாரி. துண்டை மேசைக்கடியில் ஒளித்துவிட்டு, "சாணைச் சக்கரத்துத் தண்ணியில விழுந்து கூழாயிடுச்சு" என்றாள்.

"அப்ப வாயால சொல்லு" என்றாள் திருகு.

"என்ன சொல்ல? ரெண்டு பேரும் வீடு பாத்துக் குடிபோனாங்க. மாடியில ரெண்டு ரூம்." பொய் சொல்லிப் பழகாதவளுக்கு வேறு வீடு தோன்றவில்லை, தன் வீட்டையே எடுத்து வைத்தாள். "சமையல் ரூம்ல குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும். டாக்டர் வேலை முடிஞ்சு வருவா, முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூளு. மத்தவ துடைச்சு விடுவா."

"பியானோ?"

"வித்துட்டாங்க. படியில ஏறல."

"டாக்டரம்மா கையில ஏதுடி வெள்ளைத் தூளு?"

சாணைக்காரி, லென்ஸ் தூள் படிந்த முழங்கை தெரியாதபடி சட்டென்று தன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"புத்தகத்தை வெட்டுனதே நான்தானே" என்றாள் திருகு. "அப்பவே கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன். லாரி."

"தெரிஞ்சுமா சொல்லச் சொன்ன?"

"நீ என்ன சொல்றேன்னு கேக்கணும் போல இருந்துச்சு. உன் வீட்டுக் குழாய் நிஜமாவே சொட்டுதா?"

"சொட்டுது."

திருகு தன் குட்டித் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். "சாயங்காலம் வர்றேன்."

"அது கண்ணாடிக்குப் போடறதுடி. குழாய்க்குப் பத்தாது."

"பத்தலைன்னா நாளைக்கும் வர்றேன்."